பழைய புடவை, புது உடை: கலந்து உடுத்தத் தொடங்குகிறவர்களுக்கு

தெருவில் "பழைய பட்டுப்புடவை வாங்குறோம்" என்று குரல் கேட்டதும் பீரோவைத் திறக்கிற பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். அப்படிப் போகிற புடவையைப் பெரும்பாலும் யாரும் மறுபடி கட்டப்போவதில்லை. அதை எரித்து, ஜரிகையில் இருக்கிற வெள்ளியைப் பிரித்து எடுப்பார்கள். ஒரு நெசவாளி நாள்கணக்கில் தறியில் உட்கார்ந்து நெய்த கரையும் முந்தியும் கொஞ்சம் வெள்ளியாக முடிந்துபோகும். பணத் தேவை என்றால் அது வேறு விஷயம். "இனிமே இதை யாரு கட்டப்போறாங்க" என்ற ஒரே காரணத்துக்காகக் கொடுக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து கொடுக்காதீர்கள். கட்டலாம், ஜீன்ஸோடு போடலாம், கரையை மட்டும் எடுத்துப் புது உடையில் வைக்கலாம், அதில் இருக்கிற ஒரு பூவை வைத்து புதிய துணியே டிசைன் செய்யலாம்.

இப்படிப் பழசையும் புதுசையும், நம் ஊரையும் வெளியூரையும் ஒரே உடையில் சேர்க்கிற பாணியை ஃபேஷன் துறையில் எக்லெக்டிக் என்கிறார்கள். பெயர்தான் புதிது, காரியம் நமக்குப் பழகியது. செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள்: பர்மா தேக்குத் தூண், இத்தாலியச் சலவைக்கல், தரையில் ஆத்தங்குடிக் கல், சுவரில் ரவிவர்மா அச்சுப்படம், சில வீடுகளில் அந்தப் படத்து லட்சுமிக்கு நிஜத் துணியும் ஜிகினாவும் ஒட்டிப் புடவை கட்டிவிட்டிருப்பார்கள். எல்லாம் வேறு வேறு தேசத்துச் சாமான், ஆனாலும் வீடு கலைந்து தெரியாது, நடு முற்றத்தைச் சுற்றி எல்லாம் வரிசையாக அமைந்திருப்பதால். உடையிலும் அப்படித்தான், எத்தனை கலந்தாலும் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்த ஒன்று வேண்டும். அது என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்.

வேலையின் வரிசை மட்டும் மாறக் கூடாது. முதலில் பார்ப்பது, அப்புறம் வெட்டாமல் கலந்து உடுத்துவது, கடைசியில்தான் கத்தரிக்கோல். நிறையப் பேர் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள், ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு நல்ல நிலையில் இருக்கிற கல்யாணப் பட்டைக் கவுனாக வெட்டிவிடுகிறார்கள். வெட்டினதைத் திரும்ப நெய்ய முடியாது.

பீரோவில் என்ன இருக்கிறது

பகல் வெளிச்சத்தில், கட்டிலில் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு புடவையாக முழுசாகப் பிரித்துப் போடுங்கள். அம்மாவோ பாட்டியோ அத்தையோ பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. யார் எடுத்தது, எந்த ஊரில், என்ன விசேஷத்துக்கு என்று அவர்கள் சொல்வதை ஒரு சீட்டில் எழுதி மடிப்புக்குள் வையுங்கள். குண்டூசி குத்த வேண்டாம், துரு பிடித்தால் கறை போகாது.

காஞ்சிபுரம் பட்டாக இருந்தால் கரையும் உடலும் சேர்கிற இடத்தைத் திருப்பிப் பாருங்கள். கரை ஒரு நிறம், உடல் வேறு நிறம், இரண்டும் சேரும் கோட்டில் பின்பக்கம் விரலால் தடவினால் ஒரு மேடு தட்டுப்படும். அதுதான் கோர்வை. மூன்று நாடா (நூலைக் குறுக்கே கொண்டுபோகிற தறிக் கருவி) ஓட்டி, உடலின் ஊடு நூலையும், அதாவது குறுக்கே ஓடுகிற நூலையும், கரையின் ஊடு நூலையும் ஒவ்வொரு வரிசையிலும் பின்னிக் கோத்து நெய்வது. ஓரத்தில் உட்கார்ந்து மூன்றாவது நாடாவைத் தள்ள முன்பெல்லாம் இன்னொரு ஆள் வேண்டும். அதே மாதிரி முந்தி தொடங்கும் இடத்தில் நிறம் மொத்தமாக மாறி, குறுக்கே சற்றுத் தடிப்பாக ஒரு கோடு ஓடினால் அது பெட்னி, நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலையே மாற்றி இணைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த இரண்டும் இருக்கிற புடவையை எளிதில் வெட்டிவிடாதீர்கள்.

ஜரிகை நல்லதா என்று பார்க்க, ஓரத்தில் ஏற்கெனவே பிரிந்து நிற்கிற ஒரு இழையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பழைய அசல் ஜரிகை என்றால் மேலே தங்க முலாம், அதன் கீழே வெள்ளி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். சிவப்பு நூலைப் பார்த்ததுமே அசல் என்று முடிவு கட்டவும் வேண்டாம். செம்புக் கம்பி சுற்றியதிலும் சிவப்பு நூல் வைப்பார்கள், அதனால் நடுவில் வெள்ளை உலோகம் தெரிகிறதா என்று பாருங்கள்.

கண்டாங்கி என்றால் தடித்த பருத்தி, அகலமான கரை, கட்டமோ கோடோ, நிறம் பெரும்பாலும் செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள், கறுப்பு. காரைக்குடிப் பக்கத்துப் புடவை, 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிய காலத்துப் புடவை என்பதால் பழையவற்றில் உயரம் குறைவாக இருக்கும். உயரமானவர்கள் உள்ளே பேன்ட் போட்டு அதன் மேல் கட்டினால் அந்தக் குறையே ஒரு ஸ்டைலாகிவிடும். சுங்குடி தெரிந்ததுதான், மதுரையில் சௌராஷ்டிரர்கள் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியது. குஜராத் பக்கத்துக் கைத்தொழில் மதுரைக்கு வந்து, நம் பருத்தியில் இறங்கி, நம் ஊர்ப் புடவையாகவே ஆகிவிட்டது.

அடியில் வாயில் என்கிற மெல்லிய பருத்திப் புடவையும் நைலக்ஸ் என்கிற நைலான் புடவையும் கிடந்தால் ஒதுக்கித் தள்ளாதீர்கள். பெரிய பூவும் வட்டமும் போட்ட 1970களின் பிரிண்டுகள் இன்றைக்கு எந்தக் கடையிலும் அந்த நிறத்தில் கிடைக்காது, துணியும் லேசில் நைந்துபோகாது. தொடங்குகிறவர்களுக்குப் பட்டைவிட இவைதான் பயமில்லாமல் கையாள ஏற்றவை.

துணியில் இன்னும் தெம்பு இருக்கிறதா

பட்டு வெளிப்பார்வைக்குப் பளபளவென்று இருந்தாலும் மடிப்பில் செத்துப்போயிருக்கும். ஜன்னலுக்கு எதிரே வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். மடிப்புக் கோடு ஓடிய இடத்தில் நூல் நூலாக வெளிச்சம் வந்தால் அங்கே பட்டு அறத் தொடங்கிவிட்டது. பிறகு இரண்டு கட்டைவிரலையும் அரை அங்குல இடைவெளியில் வைத்து நீளவாக்கில் ஒரு தரம், குறுக்குவாக்கில் ஒரு தரம் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கரைக்குப் பக்கத்தில் கட்டாயம் பார்க்க வேண்டும், ஜரிகையின் கனம் பட்டை இழுத்துக்கொண்டே இருப்பதால் முதலில் அறுவது அங்கேதான்.

இழுத்தால் அசையாமல் நிற்கிறது என்றால் உடுத்தலாம். உடல் அறுகிறது, கரை பலமாக இருக்கிறது என்றால் அது பிரித்துப் பயன்படுத்த வேண்டிய புடவை. இரண்டுமே தொட்டால் உதிர்கிறது என்றால் அதைத் தைக்கவே முயல வேண்டாம், டிசைனைப் படம் எடுத்துக்கொண்டு பத்திரமாக வையுங்கள். சிறிய கிழிசல் மட்டும் என்றால் ரஃபூ செய்கிறவரிடம் கொடுங்கள். நல்ல கைவேலைக்காரர் அதே புடவையின் ஓரத்திலிருந்து நூல் எடுத்தே அடைத்துக்கொடுப்பார்.

சுத்தமும் சாயமும்

கனமான ஜரிகைப் பட்டை வீட்டில் நனைக்காதீர்கள், பட்டு பழகின டிரை வாஷ் கடையில் கொடுங்கள். கொடுக்கும்போது ரோலிங் பாலிஷ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இழுத்து உருட்டுகிற வேலையைப் பழைய பட்டு தாங்காது. நாட்பட்ட வாடை மட்டும்தான் பிரச்சினை என்றால் நிழலில், காற்றாட, இரண்டு நாள் கொடியில் போட்டால் போதும்.

பருத்திக்குச் சாயச் சோதனை அவசியம். ஈரமான வெள்ளைத் துணியைப் புடவையின் மேல் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்து எடுங்கள். உடலில் ஒரு தரம், கரையில் ஒரு தரம், முந்தியில் ஒரு தரம். நூலுக்குத் தனித்தனியாகச் சாயம் ஏற்றி நெய்தது என்பதால் ஒன்று நின்று மற்றொன்று இறங்கலாம். சாயம் இறங்குகிற துணி மட்டமானது என்று நினைத்துவிடாதீர்கள். 1950களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் கட்டம், அதாவது நம் பக்கத்தில் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி, துவைக்கத் துவைக்கச் சாயம் இறங்கி, ஒரு கட்டம் இன்னொன்றில் கலந்து மங்கியது. முதலில் புகார் கிளம்பியது, பிறகு சாயம் போவதற்கு நாங்களே உத்தரவாதம் என்கிற ரீதியில் அதையே விளம்பரமாக்கி விற்றார்கள். அமெரிக்கக் கல்லூரிப் பையன்களின் கோடைச் சட்டையாக அது நிலைத்துப்போனதும் அந்த மங்கலுக்காகத்தான். அதனால் சாயம் இறங்குகிற கட்டத்துணி உங்களிடம் இருந்தால் தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். சாயம் இறங்குவது நிற்கிறவரை வெள்ளைத் துணியோடு சேர்த்துப் போடாதீர்கள், வியர்வையில் ஒட்டிக்கொள்ளும்.

வெட்டாமல் கலப்பது

சரி, இப்போது உடுத்துகிற இடத்துக்கு வருவோம். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கிற ஒன்று என்று சொன்னேன் இல்லையா, அது பெரும்பாலும் நிறம்தான். உடையில் இருக்கிற மூன்று துணிகளிலும் ஒரு நிறம் பொதுவாக வர வேண்டும், ஒரு மெல்லிய கோடாக வந்தாலும் போதும். அரக்குக் காஞ்சிபுரத்துக்கு மேட்சிங் அரக்கு ஜாக்கெட் தேடி அலையாதீர்கள், அரக்குக் கோடு ஒன்று ஓடுகிற மெட்ராஸ் கட்டத் துணியில் ஜாக்கெட் தையுங்கள். கட்டத்தில் இருக்கிற மற்ற நிறங்கள், பச்சையோ நீலமோ, புடவைக்குச் சம்பந்தமே இல்லாமல் இருந்தாலும் கண்ணுக்கு உறுத்தாது, அந்த அரக்குக் கோடு இரண்டையும் இணைத்துவிடும்.

டபுள் கலர் பட்டு இருந்தால் இன்னும் சுலபம். மயில்கழுத்து என்று நாம் சொல்கிற நிறத்தில் பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம். புடவையை அசைத்தால் நீலமும் பச்சையும் மாறி மாறி வரும். தூரத்திலிருந்து தெரிகிற நிறத்தை விட்டுவிட்டு, மடிப்பில் மட்டும் மின்னுகிற நிறத்தில் ஜாக்கெட்டோ சட்டையோ போடுங்கள். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்குகிற எம்.எஸ். புளூ மாதிரி ஆழமான நீலப் பட்டு என்றால் மங்கிய டெனிம் சட்டை அதற்கு அவ்வளவு பொருத்தம், புது டெனிம் வேண்டாம், நீலமும் நீலமும் போட்டி போடும்.

பூவும் கட்டமும் சேராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து பூ எழுதிய பருத்தித் துணி ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. உள்ளூர்த் தொழில் அடிபடுகிறது என்று பிரான்சில் 1686 முதல் 1759 வரை அதற்குத் தடையே போட்டு வைத்திருந்தார்கள், அவ்வளவு மோகம். நெதர்லாந்தில் ஹிண்டலோப்பன் என்ற சிறிய துறைமுக ஊரில் பெண்கள் இந்தப் பூத்துணியில் நீளமான மேலங்கி தைத்து, இந்தியாவிலிருந்து போன கட்டத்துணியோடு சேர்த்துப் போட்டார்கள். பூவிலும் கட்டத்திலும் அதே சிவப்பு, அதே நீலம், அதே வெள்ளை. அதனால் இரண்டும் ஒத்துப்போயின. உங்களிடம் கலம்காரித் துப்பட்டா இருந்தால் அதன் சிவப்பும் கறுப்பும் கண்டாங்கியின் சிவப்பும் கறுப்பும் ஏறக்குறைய ஒன்றுதான், சேர்த்துப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை, பூ பெரிதாக இருந்தால் கட்டம் சின்னதாக இருக்கட்டும், இரண்டும் ஒரே அளவில் இருந்தால் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கண் தடுமாறும்.

ஜரிகையோடு ஜரிகையைச் சேர்ப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பழைய ஜரிகைக்கு ஒரு மங்கிய, தேன் கலந்த நிறம் வந்திருக்கும். அதன் பக்கத்தில் கடையில் வாங்கிய புது ஜரிகை ஜாக்கெட்டை வைத்தால் பழசு அழுக்காகத் தெரியும், புதுசு மலிவாகத் தெரியும், இரண்டுக்கும் கெடுதல். பழைய ஜரிகைக்குப் பக்கத்தில் ஜரிகையே இல்லாத கதர், லினன், டெனிம், கறுத்த வெள்ளி நகை, இவற்றை வையுங்கள்.

கனமும் முக்கியம். கனமான பட்டு முந்தியை மெல்லிய ஜார்ஜெட் ஜாக்கெட்டில் ஊக்குக் குத்தினால் தோளில் கிழியும். மெல்லிய நைலக்ஸ் புடவைக்குக் கனமான பட்டு ஜாக்கெட் போடலாம், பிரமாதமாக இருக்கும், மாற்றிச் செய்யக் கூடாது.

எந்தக் காலம்

பழைய பாணியைக் கொண்டுவரும்போது ஒரு சமயத்தில் ஒரு காலத்தை மட்டும் எடுங்கள். 1950களின் சாயலில் முழங்கை வரை வருகிற, பஃப் வைத்த கை, ஓரத்தில் லேஸ் என்றால் அன்றைக்குத் தலையலங்காரமும் நகையும் இன்றையதாக இருக்கட்டும். 1960, 70களின் சாயல் வேண்டும் என்றால் கையில்லாத ஜாக்கெட், படகுக் கழுத்து, இறுக்கமாகச் சுற்றிய புடவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுக்கொண்டால் மாறுவேடப் போட்டிக்குப் போகிற தோற்றம் வந்துவிடும். பழைய குடும்ப ஆல்பத்தை எடுத்து, ஸ்டூடியோவில் நின்று எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். கழுத்து எவ்வளவு இறக்கம், கை எந்த இடத்தில் முடிகிறது, கரை எந்த உயரத்தில் வருகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு டெய்லரிடம் போனால் "பழைய மாடல்" என்று வாயால் விளக்குவதைவிட நூறு மடங்கு தெளிவாகப் புரியும்.

டெய்லரிடம் அளவு ஜாக்கெட்டோடு போங்கள். உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விடச் சொல்லுங்கள், மிச்சத் துணியைக் குப்பையில் போடாமல் ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள், லைனிங்கை முதல் நாள் இரவே நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள்.

ஆண்களுக்கும் இதில் வேண்டிய அளவு இடம் இருக்கிறது. மெட்ராஸ் கட்டச் சட்டையை வேட்டியோடு போடுவதுதான் என் கண்ணுக்கு எல்லாவற்றிலும் அழகு. தாத்தாவின் ஜரிகை அங்கவஸ்திரத்தைச் சாதாரணக் கதர் குர்தாவின் மேல் போடலாம். உடல் கிழிந்த பட்டின் முந்தியில் இடுப்பளவு வேஸ்ட்கோட் தைக்கலாம், முதுகுப் பக்கத்துக்குச் சாதாரணத் துணி போதும்.

கத்தரி எடுக்க வேண்டிய புடவை

உடல் அறுந்து கரை மட்டும் பலமாக இருக்கிற புடவையில் முதல் வேலையாகச் செய்யக்கூடியது, கரையை எடுத்துப் பருத்தி குர்தாவின் கீழ் ஓரத்திலும் கையிலும் வைப்பது. ஒரு புடவையின் இரண்டு கரையும் சேர்ந்தால் பத்து, பதினொரு மீட்டர் வரும், குர்தாவின் கீழ்ச் சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குள்தான் தேவை. அதனால் அக்கா தங்கைகளுக்கும் ஒரே புடவையிலிருந்து பங்கு போடலாம்.

குர்தாவுக்கு எடுத்த புதுத் துணியை ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவையுங்கள். சுருங்கவேண்டியது இப்போதே சுருங்கிவிட வேண்டும். தைத்த பிறகு பருத்தி சுருங்கினால் பட்டுக் கரை அலை அலையாகத் தூக்கிக்கொள்ளும், அதைச் சரிசெய்ய வழியில்லை.

கரையை வெட்டும்போது கோர்வைக் கோட்டின் மேல் கத்தரியை வைக்கக் கூடாது. அந்தக் கோட்டில்தான் உடல் நூலும் கரை நூலும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கின்றன, அங்கே வெட்டினால் பிடிப்பு போய்க் கரை ஓரத்திலிருந்து உருவிக்கொண்டே வரும். உடல் பக்கமாக அரை அங்குலம் தள்ளி வெட்டுங்கள். அந்த அரை அங்குலத்தை உள்ளே மடித்துத் தைத்தால் கோர்வையும் பிழைக்கும், பழைய உடல் நிறத்தின் ஒரு மெல்லிய கீற்றை வெளியே விட்டால் அதுவே பைப்பிங் வைத்தது போல அழகாக இருக்கும்.

வெட்டிய கரையின் பின்னால் மெல்லிய மல்மல் துணியை வைத்துக் கையால் பெரிய பெரிய தையலாகப் போட்டு இரண்டையும் ஒன்றாக்குங்கள். இனிமேல் இழுவை எல்லாம் மல்மலுக்குத்தான், பட்டுக்கு இல்லை. மேலே ஒரு பருத்தித் துணி போட்டுச் சூடு குறைவாக வைத்து அயர்ன் செய்யுங்கள், நீராவி வேண்டாம். மெஷினில் 9 அல்லது 11 நம்பர் ஊசி, தையல் கொஞ்சம் நீளமாக. நெருக்கமாகத் தைத்தால் ஊசி குத்திய ஓட்டைகள் வரிசையாக நின்று, பட்டு அந்தக் கோட்டிலேயே கிழியும். மூலையில் கரையை வெட்டி ஒட்டாமல் மடித்துத் திருப்புங்கள். நேராக ஓடுகிற விளிம்பு, அதாவது புடவையின் அசல் ஓரம், வெளிப்பக்கம் வரட்டும், அது நெய்யும்போதே முடிந்த ஓரம் என்பதால் பிசிறாது.

ஒட்டுத்துணி வேலைக்குப் போகிறீர்கள் என்றால் ஒரே கனமுள்ள துணிகளை மட்டும் சேருங்கள். பட்டும் கண்டாங்கியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் தடித்தது மெல்லியதைத் தின்றுவிடும். அப்படிச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் பட்டுக்குப் பின்னால் துணி வைத்துக் கனத்தைச் சமமாக்குங்கள்.

பழைய துணியிலிருந்து புது டிசைன்

டிசைன் படிக்கிறவர்களுக்கும் பிளாக் பிரிண்ட் செய்து பார்க்கிறவர்களுக்கும் இந்தப் பகுதி. பழைய புடவையிலிருந்து ஒரே ஒரு உருவை எடுங்கள்: ருத்ராட்சம், மயில்கண், வைரஊசி, கோபுரக் கரை, இருதலைப் பட்சி, எதுவானாலும் ஒன்று. புகைப்படத்தை வைத்து அப்படியே வரையாமல், கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக எழுதுங்கள், ஒரு கட்டத்துக்கு ஒரு நூல் என்ற கணக்கில். நெசவு உரு எல்லாமே பாவும் ஊடும் குறுக்கிடுகிற கட்டத்தில் பிறந்தது, வளைவு என்று நாம் நினைப்பது கிட்டத்தில் பார்த்தால் படிப்படியாக ஏறுகிற கோடு. தறியில் உருவைத் தானாக எழுப்புகிற ஜக்கார்டு கருவி வருவதற்கு முன்பு காஞ்சிபுரத்தில் இந்தக் கணக்கை நூல் கண்ணிகளாகவே கட்டி வைத்திருந்தார்கள், அடை என்பார்கள். அந்தப் படிகளை நேராக்கி வழவழவென்று வரைந்துவிட்டால் உருவின் முகமே மாறிப்போகும்.

கிராஃபில் ஏறியதும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அளவை மாற்றுங்கள், கால் அங்குல ருத்ராட்சத்தை ஒரு சாண் அகலத்துக்குப் பெரிதாக்கி வெள்ளைத் துணியில் ஒற்றை நிறத்தில் அச்சடித்துப் பாருங்கள். நிறத்தை மாற்றுங்கள். இடத்தை மாற்றுங்கள், கரையில் இருந்ததை உடல் முழுக்கப் பரப்புங்கள். இல்லையென்றால் துணியிலிருந்து சில நூல்களை எடுத்துவிடுங்கள். நைஜீரியாவில் நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் நம் மெட்ராஸ் கட்டத்துணியை வாங்கி, ஊசியால் சில நூல்களைத் தூக்கி, பிளேடால் நறுக்கி உருவி எடுத்து, கட்டத்துக்குள்ளேயே புது உருவம் கொண்டுவந்தார்கள். பெலெட்டே பிட்டே என்று அதற்குப் பெயர். ஒரு நூலும் சேர்க்காமல், எடுத்ததாலேயே அது அவர்களுடைய துணியாகிவிட்டது. வெளியிலிருந்து வந்த ஒன்றை எப்படித் தனதாக்கிக்கொள்வது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது, பழைய கட்டத்துண்டு ஒன்றை வைத்து நீங்களும் செய்து பாருங்கள்.

இரண்டு உத்திகளை ஒரே துணியில் சேர்ப்பது இன்னொரு வழி. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காகக் கோடாலிக் கருப்பூரில் செய்த புடவைகளில், தறியிலேயே ஜரிகையால் உருவை நெய்து, பிறகு மெழுகு வைத்து எழுதிச் சாயம் ஏற்றினார்கள். சிவப்புத் துணிக்குள்ளிருந்து ஜரிகை மின்னும். இப்போது மியூசியங்களில்தான் பார்க்க முடியும், வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். சின்ன அளவில் நீங்கள் செய்து பார்க்க, ஜரிகை இழை உடல் முழுக்க ஓடுகிற நைந்த டிஷ்யூ புடவைத் துண்டின் மேல் பிளாக் அச்சடித்துப் பாருங்கள், அடியிலிருந்து ஜரிகை தெரிகிற அந்த ஆழம் கொஞ்சமாவது வரும்.

பத்திரப்படுத்துவது

பிளாஸ்டிக் கவரில் வைக்காதீர்கள், பழைய வெள்ளை வேட்டியில் சுற்றுங்கள். ஜரிகை உட்பக்கம் போகிற மாதிரி மடியுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் எடுத்து மடிப்பை மாற்றுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது, வசம்பையோ காய்ந்த வேப்பிலையையோ சின்னத் துணிப்பையில் கட்டி ஓரத்தில் போடுங்கள். சென்ட்டைப் புடவையின் மேல் அடிக்காதீர்கள்.

வீட்டில் பழசு எதுவும் இல்லையென்றால்

உறவுக்காரர்களிடம் கேளுங்கள், நிறைய வீடுகளில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல்தான் கிடக்கிறது. இல்லையென்றால் பழைய டிசைனில் இன்றைக்கும் நெய்கிற புதுக் கைத்தறி வாங்குங்கள். 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் காஞ்சிபுரம், சுங்குடி, செட்டிநாட்டுப் புடவை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொட்டுப் பார்க்கலாம், கை பழகுவதற்கு அதுவே நல்ல வகுப்பு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு ஒரு நடை போய்வாருங்கள், துணிக்காக என்றில்லை, எனாமல் பாத்திரம், பழைய படங்கள், பூவேலைப் பீங்கான் இவற்றின் நிறச் சேர்க்கைக்காக. பிடித்த சேர்க்கையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் ஜாக்கெட் துணி எடுக்கப் போகும்போது உதவும்.

வாங்கும்போது பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள். சுங்குடி என்ற பெயரில் வருகிறவற்றில் நிறைய வெறும் பிரிண்ட். கையால் முடிச்சுப் போட்டது என்றால் புள்ளிகள் ஒரே அச்சாக இருக்காது, ஒன்று கொஞ்சம் நீள்வட்டம், ஒன்று கொஞ்சம் சாய்வு, ஓரத்தில் சாயம் கசிந்திருக்கும், முடிச்சு இருந்த இடத்தில் துணி லேசாகப் புடைத்திருக்கும், பின்பக்கமும் புள்ளி அதே தெளிவோடு இருக்கும். பிரிண்டில் எல்லாப் புள்ளியும் ஒரே வட்டம், பெரும்பாலும் பின்பக்கம் மங்கல். பிரிண்ட் வாங்குவதில் தப்பே இல்லை, மழை நாளுக்கும் பஸ் பயணத்துக்கும் அதுதான் வசதி, முடிச்சுச் சுங்குடிக்கு உண்டான விலையை மட்டும் அதற்குக் கொடுக்காதீர்கள்.